திங்கக்கெழமை வயித்துவலி

எங்க கம்பெனி ஹாஸ்டல் சாம்பாரை லேபுக்கு அனுப்ப வெச்சவ நான்தான். இன்னிக்கு நெனச்சாலும் என் தலையில நானே நாலு குட்டு குட்டிக்கணும் போல இருக்கு.

ஒரகடத்துல காருக்கு ஒயர் கட்டிக் குடுக்கற ஃபேக்டரி அது. லைன்ல நிக்கறது முக்காவாசி பொண்ணுங்க. தெக்கத்திப் பக்கத்துலேர்ந்து வந்து கம்பெனி ஹாஸ்டல்ல தங்கிகினு வேலை பாக்குதுங்க. அதுங்களுக்கு நான் நர்ஸ். என் ரூம்ல ஒரு கட்டில், ஒரு பீரோ நெறைய மாத்திரை, மேசை மேல ஒரு ரிஜிஸ்டர். யார் வந்தாலும் பேரு, லைன், இன்னா தொந்தரவு, இன்னா மாத்திரை குடுத்தேன், எல்லாம் அதுல ஏறணும். மாசக் கடைசியில அத்தையெல்லாம் கூட்டி, கம்ப்யூட்டர்ல கலர் கலரா பட்டை போட்டு மீட்டிங்ல காட்டணும். தலைவலிக்கு மஞ்சள், கையில வெட்டுப்பட்டா நீலம், வயித்துவலிக்குச் சிவப்பு.

அந்தச் சிவப்புப் பட்டை திங்கக்கெழமையானா எகிறும். மத்த நாள்ல அடங்கிக் கெடக்கும். பேரைப் பாத்தா எல்லாம் ஹாஸ்டல் பொண்ணுங்க. குன்றத்தூர்லேர்ந்து என்னோட கம்பெனி பஸ்ல வர்ற கல்யாணமான பொம்பளைங்க ஒருத்தர்கூட அதுல கெடையாது. இத்தைக் கண்டுபுடிச்சதுல எனக்குப் பெருமைன்னா பெருமை. மீட்டிங்ல எழுந்து நின்னு, "ஞாயித்துக்கெழமை லீவு நாளு சார். ஹாஸ்டல்லயே மூணு வேளையும் சாப்புடறாங்க. அந்தச் சாப்பாட்டுலதான் கோளாறு"ன்னு அடிச்சு சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. நான் போட்ட பட்டையை மேனேஜர் தனியா பிரிண்ட் எடுத்து வாங்கிகினாரு.

அப்பறம் இன்னா, சாம்பார் லேபுக்குப் போச்சு. சிக்கன் குழம்பு போச்சு. தண்ணி கேன் போச்சு. ஒண்ணுத்துலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துது. ஹாஸ்டல் சமையக்காரர் என் ரூமுக்கே வந்து, "நானும் அதத்தான சிஸ்டர் துன்றேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே"ன்னு கண்ணு கலங்கிட்டாரு. நான் நம்பல. ரெண்டாவது மாசம் அவரை மாத்திட்டாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க?

ஆளு மாறியும் சிவப்புப் பட்டை குனியல.

அப்புடி ஒரு திங்கக்கெழமை, பத்து மணி இருக்கும், தென்காசிப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி வந்தா. இருவது வயசு சொல்லலாம். "வயிறு வலிக்கி சிஸ்டர். மாத்திரை தாங்க, லைனுக்குப் போணும்"னா. நான் இன்னா கேட்டேன் தெரியுமா? "நேத்து இன்னாத்தடி துன்ன?"ன்னு கேட்டேன். "சிக்கன்"னா. "கண்டதத் துன்னுட்டு காலங்காத்தால வந்து நில்லுங்க"ன்னு திட்டி, ஜீரண மாத்திரை ஒண்ணக் கையில வெச்சு அனுப்பிட்டேன். கட்டில்ல படுக்கச் சொல்லல. அரை மணி நேரத்துக்கு மேல படுத்தா சூப்பர்வைசருக்குச் சொல்லணும், அது எனக்கு ஒரு வேலை.

ஒரு மணி நேரத்துல ரெண்டு பொண்ணுங்க அவளைத் தாங்கிப் புடிச்சுகினு வந்தாங்க. நாற்காலியில உக்கார வெச்சதும் பாத்தேன். ஐயையோ, யூனிஃபார்ம் பேன்ட் முட்டி வரைக்கும் ரத்தம். பதினெட்டு வருஷ நர்ஸு நானு, இப்புடி ஒண்ண இந்த ரூம்ல பாத்ததில்ல. நாடியைப் புடிச்சா குதிரையாட்டம் ஓடுது. உதட்டுல ரத்தமே இல்ல.

"அடிப்பாவி, இன்னாடி பண்ண?"

கூட வந்தவ ஒருத்தி போயி கதவைச் சாத்தினா. அவதான் சொன்னா. "கலைக்கதுக்கு மாத்திரை போட்டேன் சிஸ்டர். சனிக்கெழம ராத்திரி."

"டாக்டர் குடுத்தாங்களா?"

"இல்ல. ஒரு கடையில. எங்கூடப் பழகுன பையன்தான் வாங்கித் தந்தான்."

"ரத்தம் போறப்ப ஏன்டி வேலைக்கு வந்த?"

"இன்னைக்கு லீவு போட்டா இந்த மாசத்து அட்டெண்டன்ஸ் போனஸ் போயிருமே. எல்லாரும் சனிக்கெழமதான் போடுவாக. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாயிரும்னாக."

எல்லாரும்னு சொன்னா பாருங்க. அந்த ஒரு வார்த்தையில என் காது அடைச்சுப் போச்சு.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். கேட் பாஸ் எழுதணும், இன்னா தொந்தரவுன்னு அதுல போடணும். என் பேனாவையே பாத்துகினு இருந்தவ, சட்டுனு என் கையப் புடிச்சுகினா. "எழுதிராதீய சிஸ்டர். ஒங்க கால்ல விழுதேன். எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைய உசுரோட விடமாட்டான்."

வயித்துவலின்னு எழுதினேன். பேன்ட் நெறைய ரத்தத்த வெச்சுகினு வயித்துவலின்னு எழுதினேன். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சேன்.

ஆம்புலன்ஸ்ல நானே ஏறிப் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கிட்ட மட்டும் உள்ளதைச் சொன்னேன். உடனே உள்ள கூட்டிகினு போனாங்க. ரத்தம் ஏத்துனாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து, தெரிஞ்ச சாமியெல்லாம் கும்புட்டேன். சாயங்காலம் வெளிய வந்து, "பொழச்சிட்டா. இன்னும் லேட் ஆயிருந்தா என்னால சொல்ல முடியாது"ன்னாங்க டாக்டரம்மா. அப்பறம் என்னை ஏற எறங்கப் பாத்து கேட்டாங்க: "உங்க கம்பெனியில இது எத்தனாவது பொண்ணு?"

"மொத பொண்ணு மேடம்."

அவங்க சிரிக்கல. "மொதல்ல எங்கிட்ட வந்திருந்தா, ஸ்கேன் பாத்து, சரியான மாத்திரை குடுத்திருப்பேன். கல்யாணம் ஆகலன்னாலும் சட்டம் இடம் குடுக்குது. பதினெட்டு வயசு முடிஞ்சுட்டா வீட்ல யார் கையெழுத்தும் வேணாம், யாருக்கும் சொல்லவும் மாட்டோம். அப்படி வர்றவங்கதான் மாநிலக் கணக்குல ஏறுவாங்க. கடையில வாங்கிப் போட்டுட்டு ரூம்ல படுத்துக்கறவங்க எந்தக் கணக்குல இருக்காங்க, சொல்லுங்க?"

எனக்குத் தெரியும் எந்தக் கணக்குல இருக்காங்கன்னு. அதுங்க என் ரிஜிஸ்டர்ல இருக்குதுங்க.

மறுநாள் ரூம் கதவைச் சாத்திகினு பழைய பக்கத்தையெல்லாம் பொரட்டினேன். திங்கக்கெழமை, வயித்துவலி. திங்கக்கெழமை, வயித்துவலி. எல்லாம் என் கையெழுத்து. பக்கத்துலயே ஜீரண மாத்திரை, ஜீரண மாத்திரைன்னு வரிசையா. ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூஞ்சி ஞாபகம் வந்துது. இதுல எத்தினி பேரு நெசமாவே சோறு செரிக்காம வந்தவங்க, எத்தினி பேரு இவளாட்டம் வந்தவங்க? எனக்குத் தெரியாது. ஒருத்தியக்கூட நான் வேற கேள்வி கேட்டதில்ல. மாநிலத்துல இத்தினி பேருன்னு பேப்பர்ல போட்டா படிச்சிட்டு மடிச்சு வெப்போம். அந்தப் பேப்பர்ல வராததுங்க என் மேசை முன்னாடி வந்து நின்னுச்சு, நான் சாம்பாரைத் தேடிகினு இருந்திருக்கேன். வெக்கமா இருந்துது. அழுதேன்.

இதோட முடியல. ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டுக்கு போன் போடணும்னு ஹாஸ்டல்ல ஒரு சட்டம். வார்டன் போன் போட்டாங்க. என்ன ஏதுன்னு தெரியாமலே, "உங்க பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. மூணாம் நாள் அண்ணன்காரன் வண்டியோட வந்துட்டான். ஒரு பையில துணியத் திணிச்சுகினு அவ போனதை ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் மாடியிலேர்ந்து பாத்திருக்காங்க. அவ போன் அன்னிக்கே ஆஃப் ஆயிடுச்சு. உசுரோட இருக்காளான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த திங்கக்கெழமை யாரும் வயித்துவலின்னு வரல. அதுக்கடுத்ததும் வரல. மாசக் கடைசியில சிவப்புப் பட்டை தரையோட தரையா கெடந்துது. "பாத்தீங்களா, லேட்டானாலும் சமையக்காரரை மாத்துனது வேலை செஞ்சிருக்கு"ன்னு மேனேஜர் கை தட்டுனாரு, எல்லாரும் தட்டுனாங்க. கொறையல சார், நான்தான் காட்டிக் குடுத்தேன்னு நெனச்சு புள்ளைங்க என் ரூம் பக்கமே வர்றதில்லன்னு கத்தணும் போல இருந்துது. கத்துனா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா இருக்கறதுங்களையும் வண்டி வெச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஊமை கண்ட கனாவாட்டம் உக்காந்திருந்தேன்.

அந்த மீட்டிங்குக்கு அடுத்த திங்கக்கெழமை ரூமைப் பூட்டிட்டு நானே லைனுக்குப் போனேன். ஒவ்வொரு மூஞ்சியா பாத்துகினே நடந்தேன். கடைசி டேபிள்ல ஒருத்தி. உதடு வெளுத்து, இடது கையால டேபிளைப் புடிச்சுகினு, வலது கையால ஒயரைக் கட்டிகினு நிக்கறா. கிட்டப் போயி, "இன்னா பாப்பா பண்ணுது?"ன்னேன்.

அவ என் மூஞ்சியப் பாக்கல. என் கையப் பாத்தா, ரிஜிஸ்டர் எடுத்தாந்துருக்கேனான்னு.

"எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்"னு சொல்லிட்டு அடுத்த ஒயரை எடுத்தா.