மலையடிவாரத்தில் செருப்புக் காத்தவன்

செருப்புக் காக்கிற தொழிலில் செருப்பு திருடு போவதற்கு முன்பே காவல்காரன் திருடனாகிவிடுவான். பிறர் பொருளைக் காவல் காத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவனியாபுரத்துக்கு அப்பால் ஒரு குன்று. அடிவாரத்தில் முருகன் கோயில், நடுவில் சமணர் படுக்கை, உச்சியில் தர்கா. பாதை பிரியும் இடத்து வேம்படியில் எழுபதுகளில் செருப்பு அடுக்கும் என் மரத்தட்டு இருந்தது. என் மனைவி போன பிறகு எனக்குச் சோறும் போக்கிடமும் அதுதான்.

ஒற்றைச் செருப்பு

தல்லாகுளத்துக் குமாஸ்தா ஒருவர் இடது செருப்பை மட்டும் கொடுத்து டோக்கன் வாங்கினார். வலது செருப்பைப் புதருக்குள் ஒளித்துவைத்திருந்தார். ஜோடி சேராவிட்டால் எவனும் திருட மாட்டானாம். இறங்கி வந்து பார்த்தால், வலதை நாய் கொண்டுபோயிருந்தது. கோயிலிலும் தர்காவிலும் என்மேல் புகார் சொன்னார். என் தட்டில் இருந்த இடதை நீட்டினேன். வாங்கிக்கொண்டே கேட்டார்: “நாய் வரும்னு நீரு முன்னாடியே சொல்லியிருக்க வேணாமா?”

மேல் தட்டு, கீழ் தட்டு

அந்தப் புகாருக்குப் பிறகு எல்லோர் கண்ணும் என் தட்டின் மேல். வந்த வரிசைப்படி மேலிருந்து அடுக்குவேன். பிந்தி வந்தவர் செருப்பு கீழ்த்தட்டில் புழுதி தின்னும். கோயில் கமிட்டி தருமலிங்கம், தர்காவுக்குப் போகிறவர்கள் செருப்பைத்தான் நான் மேலே வைப்பதாகச் சொன்னார். தர்காவைப் பார்த்துக்கொள்ளும் காதர் பாய்க்கோ நேர்மாறான சந்தேகம். வெள்ளிக்கிழமை இருவரும் வந்து பார்த்து, தப்பிருந்தால் என்னைக் கிளப்பிவிடுவதென்று முடிவானது. “மத்ததுல ஒத்துப்போக மாட்டோம், உங்க விசயத்துல ஒண்ணாயிட்டோம்ணே!” என்றார் காதர் பாய்.

வெள்ளிக்கிழமை

இருவரும் வந்தார்கள். தருமலிங்கம் மேல்தட்டில் ஒரு சிவப்புச் செருப்பைச் சுட்டினார். “இந்தா பாருங்க பாய், உங்க ஆளுக செருப்பு. எங்க ஆளுகளது கீழ கெடக்கு. இப்பவே தட்டைத் தூக்குய்யா!” நாலாம் நம்பர் என்பதால் மேலே இருக்கிறது என்றேன். யாரும் நம்பவில்லை. தட்டைக் காலி செய்ய நான் கீழ்த்தட்டில் கைவைத்தேன்.

உச்சியிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்தார். கையில் தர்காவில் பாத்தியா ஓதித் தந்த சர்க்கரைப் பொட்டலம், நாலாம் நம்பர் டோக்கன். தருமலிங்கத்தின் மனைவி. பேரனுக்குக் காய்ச்சல் என்று கணவருக்குத் தெரியாமல் ஏறியிருக்கிறார். கணவரின் விரல் நீண்டிருந்த இடத்தைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. சிவப்புச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஒரு வருசமா நம்ம வாசல்ல கெடக்குற செருப்பு தெரியல, யாருக்கு எந்தச் சாமின்னு மட்டும் பிரிக்கத் தெரியுதாக்கும்?”

தட்டு நகரவில்லை, ஆனால் சாமியை நம்பி மலையேற வந்த அத்தனை பேரும் அடிவாரத்தில் என்னை நம்பாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள் என்பதால், பக்தியின் முதல் படி நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.