இறங்கிய இரைப்பையும் வயிற்றில் வைத்த மாவிளக்கும்

எங்கள் ஊருக்கு மினி பஸ் வந்த வருஷம், புரட்டாசியில், எனக்குச் சோறு நிற்காமல் போயிற்று. நாலு வாய் தின்றால் அடிவயிறு கல்லாகக் கனக்கும். பிறகு எல்லாம் வெளியே வந்துவிடும். எலும்பும் தோலும் ஆனேன். அப்போதும் உளுந்தங்காட்டுக்குப் போவதை விடவில்லை. நான் படுத்துக் கிடந்து யாரும் பார்த்ததில்லை.

மருமகள்தான் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனாள். சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்றைக் குடிக்கச் சொல்லி, நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இரைப்பை இடுப்புக்குக் கீழே தொங்கிக் கிடந்தது.

"ரெண்டு வழி இருக்கும்மா," என்றார் டாக்டர். "மேல தூக்கித் தைக்கலாம். மறுபடி இறங்கினாலும் இறங்கும். இல்லேன்னா பாதியை எடுத்துட்டு மிச்சத்தைக் குடலோட சேக்கலாம். ஆனா இந்த உடம்பு ரெண்டையும் தாங்காது."

"தாங்காட்டி?" என்றேன்.

அவர் மருமகளைப் பார்த்தார். "முதல்ல உடம்பு தேறணும். சாப்பிட்டதும் கால்மாட்டை ஒசத்தி ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லுங்க."

பட்டப்பகலில் காலை நீட்டிப் படுப்பதா? ஊர் என்ன பேசும்? நான் படுக்கவில்லை.

தை பிறந்தபோது கஞ்சியும் நிற்கவில்லை. நான் செத்தால் என்மேல் போர்த்தச் சேலை எடுத்து மருமகளிடம் கொடுத்துவிட்டேன். 'இருக்கன்குடி ஆத்தா, ஒரு வாய்க் கஞ்சி வயிற்றில் தங்கட்டும், இல்லை என்னைக் கூட்டிக்கொள்' என்று அழுதேன்.

தை கடைசி வெள்ளிக்கு என் வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக மருமகள் நேர்ந்திருந்தாள். இருக்கன்குடிக் கோயிலில் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, ஆற்றுமணலில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். கால் பக்கம் மேடு. வயிற்றில் வாழை இலை, அதன்மேல் விளக்கு. அத்தனை சனத்துக்கு நடுவில் கூசிப்போனேன்.

"போதும்ட்டி, எடு."

"திரி அணையட்டும் அத்தே. ஆத்தா விளக்கைத் தட்டிவிட்டுட்டு எந்திரிக்கப் போறியளா? காட்டுக் களை எங்கயும் ஓடிராது. கெடங்க."

கிடந்தேன். திரி அணைய வெகுநேரமாயிற்று. எழுந்து நின்று, இப்போது வாந்தி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தை பிறந்தபின் தங்கிய முதல் கஞ்சி அது.

அன்றுமுதல் தினமும் பகலில், சாப்பிட்டதும் கால்மாட்டை உயர்த்திப் படுத்தேன். உடம்பு தேறியதும், ஆவணியில் டாக்டர் இரைப்பையைத் தூக்கித் தைத்தார். இன்றும் கால்வயிறுதான் உண்கிறேன். மறுபடி இறங்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்தப் பயம் போகவில்லை. ஆனாலும் உள்ளே போகும் ஒவ்வொரு வாயும் ஆத்தா போட்டது.

அம்மன் பிள்ளைகளே, வழி அடைத்துப்போனால் அவளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். படு என்றால் படுங்கள், கத்திக்குப் போ என்றால் போங்கள். என் வீம்பு நாலு மாதத்தைத் தின்றது. உங்களுக்கு அது வேண்டாம்.