ஜன்னல் கம்பியில் ஒரு வாய்

நான் ஒரு மனிதரின் வாயைக் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் காயப்போட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் எங்காவது நான் கெட்டிக்காரன்போலப் பேசினால், வாசிப்பவர்கள் இந்த முதல் வரியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கடை இருந்தது. பலகையில் மளிகைக் கடை என்று எழுதியிருந்தாலும் உள்ளே பாதி கடற்பாசிதான். மக்காசார் பக்கத்துத் தீவுகளிலிருந்து மூட்டைமூட்டையாக வரும் முரட்டுப் பாசி ஒரு மூலையில்; காய்ச்சி, வடித்து, உறையவைத்து, காயவைத்து ஜப்பானிலிருந்து வரும் வெள்ளை நாடாப் பாசி இன்னொரு மூலையில். மலாய்க்காரர்கள் அதை அகர் அகர் என்பார்கள். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் கடற்பாசி இல்லாமல் நோன்பு திறந்தால், திறந்த மாதிரியே இராது. நாடாவை ஊறவைத்துக் காய்ச்சி, பாலும் சீனியும் ரோஸ் சர்பத்தும் சேர்த்துத் தட்டில் ஊற்றிவிட்டால் போதும். பனிக்கட்டி எதுவும் தேவையில்லை. இந்தச் சிங்கப்பூர் வெக்கையிலேயே தானாக உறைந்துவிடும். இந்த ஊரில் தானாக உறைந்துபோன வேறு எதையும் நான் பார்த்ததில்லை, என் மூளையைத் தவிர.

தின்பதற்கு வாங்குகிறவர்கள் மட்டும்தான் என் கடைக்கு வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்துச் சேவகர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து நாடாவை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குவார். நோய்க்கிருமிகளுக்கு அதில்தான் படுக்கை போட்டு வளர்க்கிறார்களாம். என் வாடிக்கையாளர்களில் அவ்வளவு குறைசொல்லிச் சாப்பிடுகிறவர்கள் கிருமிகள்தாம். மலச்சிக்கலுக்கு என்று வாங்குகிறவர்கள், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். பட்டுத்துணிக்கு விறைப்பேற்ற ஒருவர், ஏதோ ஒரு திரவத்தைத் தெளியவைக்க இன்னொருவர். என்ன திரவம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கப்பல் தரகர் ஒருவர் இன்னொரு கதை சொன்னார். நம் பக்கத்துப் பாறைகளில் பழுப்பாக ஆடுகிற நீளப் பாசி இருக்கிறதே, அதே ஜாதிப் பாசியைச் சீமையில் சோடாக் காரத்தில் வேகவைத்து ஒரு பசை எடுக்கிறார்களாம். அது துணி ஆலைக்குப் போகிறதாம், மருந்து மாத்திரைக்குப் போகிறதாம், நாளைக்கு எதற்கெல்லாம் போகுமோ தெரியாதாம். இதையெல்லாம் கேட்டுக்கேட்டு, பாசி விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

பக்கத்துச் சந்தில் ஒரு நாதஸ்வரக்காரர் குடியிருந்தார். கோயிலில் வாசிப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். தித்திப்பு என்றால் அவருக்கு உயிர். பெருநாளைக்கு என் வீட்டிலிருந்து கடற்பாசித் தட்டு போக அரைமணி நேரம் பிந்தினால், நலமா என்று விசாரிக்கும் சாக்கில் அவரே வந்துவிடுவார். அந்தத் தித்திப்பு அவருடைய மேல்வரிசை முன்பற்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. அவற்றில் கடைசியாக நின்ற இரண்டும் ஒரு கல்யாண வீட்டு முறுக்கில் போயின.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அண்ணனுக்குச் சொல் போனதுபற்றிக் கவலையே இல்லை. நாதஸ்வரத்தின் நுனியில் இருக்கும் சீவாளியை உதடு கவ்வ வேண்டும். உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டு இல்லாததால் ஊதிய காற்று இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. ஒருநாள் கடையில் வந்து உட்கார்ந்து, முறுக்கு டின்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

"பாய், தைப்பூசத்துக்கு நான் ஊதலைன்னா பினாங்கிலேர்ந்து ஒருத்தரைக் கூட்டியாந்துடுவாங்க. ஒரு நாளைக்கு இல்ல. ஒரேயடியா."

"யாருண்ணே சொன்னது?"

"தவில்காரன்தான். அவனும் என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லல. தவிலைப் பார்த்துச் சொன்னான்."

அந்த வேலையை விட்டால் அவருக்கு இந்த ஊரில் வேறு தொழில் தெரியாது. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். தைப்பூசத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை.

எங்கள் வரிசையின் கோடியில், மாடியில், ஒரு சீனப் பல்வைத்தியர் இருந்தார். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பல்வரிசை, போகிற வருகிற டிராலி பஸ்ஸைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். அண்ணன் ஏற்கெனவே அவரிடம் போய்வந்தவர்தான். செயற்கைப் பல் கட்ட வேண்டுமானால் முதலில் வாய்க்கு அச்சு எடுக்க வேண்டும். அண்ணனுக்குக் கடைவாயில் மிஞ்சியிருந்த பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. மெழுகில் எடுத்த அச்சு, வெளியே இழுக்கும்போது வளைந்தது. வெள்ளை பிளாஸ்டரில் எடுத்த அச்சு வளையவில்லை, வெளியேயும் வரவில்லை. வாய்க்குள்ளேயே தட்டி உடைத்துத் துண்டுதுண்டாக எடுத்தார்களாம். அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பக்கத்து நடைபாதையில்கூட நடப்பதில்லை.

அந்த வைத்தியரே ஒருநாள் என் கடைக்கு வந்து, இருப்பதில் சுத்தமான நாடாப் பாசி வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

"வீட்டில் விசேஷமா?" என்றேன்.

அவர் தன் பல்லைத் தொட்டுக் காட்டினார். வெள்ளைக்கார வைத்தியர்களிடம் இப்போது டப்பாவில் ஒரு சரக்கு வருகிறதாம். கடற்பாசிதான். சுடவைத்து இளக்கி வாயில் வைத்தால் உறைந்துவிடும். இழுத்தால் ரப்பர்போல நெளிந்து சாய்ந்த பல்லைத் தாண்டி வந்து, மறுபடி தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். டப்பா விலை அவருக்குக் கட்டாது. சொந்தமாகவே காய்ச்சிப் பார்க்கப் போகிறார்.

நான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அண்ணனை இழுத்து வந்தேன். வைத்தியருக்குத் தமிழ் வராது. அண்ணனின் மலாய் பல்லோடு போய்விட்டது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவியும் எனக்கே கிடைத்தது.

நோன்பு மாதத்து மத்தியானம், வைத்தியரின் மாடியறை. என் வயிறு காலி. எதிரே சட்டியில் கடற்பாசி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வைத்தியர் அதில் கொஞ்சம் மெழுகும் ஏதோ பொடியும் சேர்த்து, பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கைப்பிடி வைத்த ஓட்டைத் தகட்டில் நிரப்பி, அண்ணனின் வாய்க்குள் ஏற்றி அமுக்கினார். தகட்டின் அடியில் ஈரப்பஞ்சை மாற்றி மாற்றி வைத்தார். அண்ணனின் கண்கள் உருண்டன. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. பயந்துவிட்டாரோ என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் வைத்தியர் தகட்டை ஒரே இழுப்பாக இழுக்க, 'சளக்' என்று முழுசாக வந்தது. அண்ணன் உதட்டை நக்கிக்கொண்டார்.

"சீனி போடலையே, பாய்."

"என்ன சொல்கிறார்?" என்றார் வைத்தியர்.

"மருத்துவம் பிரமாதமாம்."

அந்த அச்சை நான் எட்டிப் பார்த்தேன். சிரிக்க வாயெடுத்தவன், குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குழி; பல் போன இடத்தில் ஈறின் மேடு பள்ளம்; மேலண்ணத்தின் வரிகள்கூட, அலை பின்வாங்கிய ஈர மணலில் கோடு கிடக்குமே, அதுபோல. இத்தனை வருஷம் எடைபோட்டு விற்ற சரக்கு. தனக்கென்று ருசி இல்லை, நிறம் இல்லை, உருவம் இல்லை என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லுவேன். ஒன்றும் இல்லாததால்தான் அடுத்தவரை இப்படி முழுசாக வாங்கிக்கொள்ள முடிகிறதோ என்று தோன்றியது. பசி மயக்கத்தில் எனக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்ற வேண்டியது அடுத்த வேலை. டப்பாவைத் திறந்தால், மழைக்கால ஈரத்தில் மாவு கட்டிதட்டிப் போயிருந்தது. வைத்தியர் அச்சை ஈரத்துணியில் சுற்றி மேசைமேல் வைத்தார்.

"புது மாவு வாங்கிவருகிறேன். துணியைத் தொடாதே லா."

இந்த ஊர் வழக்கப்படி வாலில் ஒரு 'லா' போட்டுவிட்டு அவர் போனார். அண்ணனும் கோயிலுக்குப் போனார். நானும் அந்த ஈரத்துணி மூட்டையும் தனியாக இருந்தோம்.

பாசி வியாபாரத்தின் முதல் பாடமே ஈரம் சத்துரு, வெயில் மித்திரன் என்பதுதான். ஈரத்தோடு கட்டிவைத்த மூட்டை இரண்டே நாளில் நாறிப்போய், மூட்டைக்கு உரியவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, அண்ணனின் பிழைப்பே அந்தத் துணிக்குள் இருந்தது. பல்லைப் பற்றி வைத்தியருக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். பாசியைப் பற்றி எனக்கல்லவா தெரியும்? துணியை அவிழ்த்தேன். தகட்டுக்குக் கைப்பிடி இருந்தது வசதியாகப் போயிற்று. வெயில் நேராக விழும் ஜன்னல் கம்பியில் மாட்டினேன். ஒரு மைனா வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அண்ணனின் கடைவாயைப் பரிசோதித்தது. விரட்டிவிட்டுக் காவல் இருந்தேன்.

மாவு எளிதில் கிடைக்கவில்லைபோலும். வைத்தியர் வர வெகுநேரம் ஆயிற்று. படியில் காலடி கேட்டதும் அச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி மறுபடி துணியில் சுற்றினேன். இதுவும் தொழில் அறிவுதான். காய்ந்த பாசி தண்ணீர் பட்டால் பழையபடி ஊதிவிடும், உலகத்துக்கே தெரியும். வைத்தியர் அவசர அவசரமாகப் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றினார். நான் பெரும் உதவி செய்தவனின் களைப்போடு நோன்பு திறக்க வீட்டுக்குப் போனேன்.

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பல் தயாரானது. சிவப்பு ரப்பர் ஈறில் பளபளவென்று பற்கள். அண்ணன் குளித்துத் திருநீறு பூசி, நாதஸ்வரத்தையும் கையில் கொண்டு வந்திருந்தார். வைத்தியர் பல்லை மாட்டினார். பொருந்தவில்லை. அரத்தால் ராவினார். மறுபடி மாட்டினார். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் தூக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டைக்குள் தவில்காரரைத் திணித்ததுபோல இருந்தது. அண்ணன் வாயைத் திறந்தபடியே இருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. வலியா வேறு ஏதாவதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

வைத்தியர் பல்லை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் பாசி மட்டச் சரக்கு, தவுக்கே."

தவுக்கே என்றால் முதலாளி. அந்த மரியாதை வேறு சேர்ந்துகொண்டதில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பாசியா? சோதனைக்கூடத்துக்கே போகிற முதல்தரப் பாசி! நீ அன்றைக்கு ஈரத்தோடு போட்டுவிட்டுப் போனாய். கெட்டுப்போகாமல் வெயிலில் மாட்டிக் காப்பாற்றினதே நான்தான்!"

வைத்தியர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். அப்புறம், யார் வீட்டிலோ துக்கம் விழுந்ததுபோலத் தணிந்த குரலில் கேட்டார்.

"காய்ந்தால் உன் பாசி என்ன ஆகும்?"

"சுருங்கும்," என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு விளங்கிவிட்டது. நாடா சுருங்கும் என்று எத்தனை ஆயிரம் தடவை வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பேன்! ஊறினால் ஊதும்தான். ஆனால் முன்பு இருந்த அதே வாயாக ஊத வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம்?

"என்ன பாய் சொல்றாரு?" என்றார் அண்ணன்.

அன்று நான் மொழிபெயர்த்ததுபோல ஒரு மொழிபெயர்ப்பு எந்த எதிரிக்கும் வர வேண்டாம். அண்ணன் முழுவதையும் கேட்டார். ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாதஸ்வரத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க. அஞ்சு நாள் இருக்குல்ல."

வைத்தியர் சுண்ணக்கட்டியால் வாசலோரம் தரையில் ஒரு கோடு போட்டு, என்னை அதற்கு அப்பால் நிறுத்தினார். பாசி என்னுடையது, சட்டி அவருடையது. அங்கிருந்தே கத்தி மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை குழைத்த பிளாஸ்டர் முன்கூட்டியே தயாராக இருந்தது. அச்சு வாயைவிட்டு வந்த கையோடு ஊற்றியாயிற்று. வேலை முடிந்த பாசியை வழித்து வாளியில் போட்டார். கோட்டுக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் வாயை நம்மையெல்லாம்விட நன்றாக அறிந்த பொருள் அது. தன் காரியம் முடிந்ததும் ஒரு பேச்சு இல்லாமல் வாளிக்குப் போய்விட்டது. நடுவில் நிற்கிறவன் அப்படி இருக்க வேண்டும். நான் எங்கே அப்படி இருந்தேன்?

தைப்பூசத்தன்று நடைபாதைத் தூணோரம் நோன்போடு நின்றேன். பினாங்குக்காரர் வந்திருந்தார்; தன் வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்காமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சீவாளியை உதட்டில் வைத்தார். ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது, ஒரு பக்கமும் வழியாமல், நேராக, சாலை முழுக்க. தவில்காரர் இப்போது தவிலைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்து அடித்தார். பினாங்குக்காரர் உறையின் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

மறுநாள் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அண்ணன் கடைக்கு வந்தார். என் மனைவி ஒரு தட்டுக் கடற்பாசி அனுப்பியிருந்தாள்; சீனி இரண்டு பங்கு. அவர் பல்லைக் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டு மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். கடை ஜன்னல் வழியே அந்திவெயில் கோப்பைவரை நீளமாக விழுந்திருந்தது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அண்ணே, இன்னும் என்மேல நம்பிக்கை இருக்குதாண்ணே?"

வாய் நிறையக் கடற்பாசியோடு அவர் சொன்னார்:

"முதல்ல ஜன்னலைச் சாத்துங்க, பாய்."