ஒரு பிடி புறா எரு

என் மல்லிகைச் செடிகளுக்குப் புறா எரு வாங்க, திண்டுக்கல்லில் ஒரு பழைய தோல் கிட்டங்கிக்குப் போயிருந்தேன். தோல் வியாபாரம் நின்றுபோய், உத்தரம் முழுக்கப் புறாக்கள் குடியேறியிருந்தன. கீழே பாய் ஒருவர் காய்ந்த எச்சத்தைச் சலித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கட்டம் போட்ட கைலி, இமைமுடியில்கூட வெண்தூசி. ஒவ்வொரு மூட்டையையும் கட்டுமுன் ஒரு பிடி அள்ளி ஆழமாக முகர்ந்து பார்ப்பார். ஈரம் போய்விட்டதா என்பதை மூக்குதான் சொல்லுமாம்.

"நீங்களும் மோந்து பாருங்கண்ணே, கொஞ்சங்கூட வாடை இருக்காது" என்று என் முகத்தருகே நீட்டினார். முகர்ந்தேன். உண்மைதான், வாடையே இல்லை.

அப்போதுதான் சாக்கின் மேல் கிடந்த பூனையைக் கவனித்தேன். மூக்குத்தண்டு கொழுக்கட்டை போல வீங்கி, முகமே வேறொரு பிராணியுடையதாக இருந்தது. அகல விரிந்த கண்கள் எதையும் பார்க்கவில்லை.

"இதுக்கு என்ன பாய் ஆச்சு?"

"ஏதோ பூஞ்சைக் கிருமியாம்ணே. மூக்கு வழியா ஏறி கண்ணுக்குப் போயிருச்சாம். பூனைகிட்டருந்து நமக்கு ஒட்டாதுன்னு மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டாரு."

"அதுக்கு எங்கருந்து வந்துச்சாம்?"

"இந்தத் தூசியிலருந்துதான்" என்றபடி அடுத்த பிடியை மூக்கருகே கொண்டுபோனவரின் கை பாதியில் நின்றது. மேலே புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. பூனை தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, அந்தக் கையில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தது, அவரைப் போலவே.

"நாந்தாண்ணே பழக்குனேன்" என்றார்.

மூட்டை வாங்காமலே திரும்பினேன். அந்தப் பிடியை அவர் பிறகு முகர்ந்தாரா, தெரியாது. இப்போதும் கண்ணாடி முன் நின்றால், என் விரல் தானாக மூக்குத்தண்டைத் தடவிப் பார்க்கிறது.