பன்னிரண்டு அடிச் சங்கிலியும் ஒன்றரை வயது மகளும்

நாயைக் கட்டிவைப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், கட்டாத நாய்க்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

நான் நின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரர் வெள்ளைக்கார நேவியின் செம்பவாங் கப்பல் பட்டறையில் ரிக்கர். கப்பலுக்குக் கயிறும் கம்பியும் கட்டுகிற வேலை. அங்கே இருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊர் சுற்றப் போகும்போது நாயை விட்டுவிட்டுப் போக இடம் தேடுவார்கள். எங்கள் வாடகை வீட்டைச் சுற்றி நிறைய வெளி. எனக்கோ கான்வென்ட் இங்கிலீஷ். இரண்டையும் சேர்த்துப் பார்த்து இவர் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நான் நாயைத் தொட்டிருக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை.

இடுப்பில் அப்போது ஒன்றரை வயதான மகள் மாலதி. "கடிக்காது, கடிக்காது" என்றுதான் எல்லோரும் நாயைக் கொண்டுவந்து விடுவார்கள். கடிக்காத நாய் ஆசையாகப் பாய்ந்தாலும் பிள்ளை மண்டை உடையுமே! சங்கிலி முடியும் இடத்துக்கும் மாலதி நிற்கும் இடத்துக்கும் நடுவில் எத்தனை அடி என்பதைத்தான் ஒரு வருடமாக என் மனம் அளந்துகொண்டே இருக்கிறது. அவள் தூங்கிவிட்டாள், அதனால் எழுத முடிகிறது. நாய்க்குப் பயந்த தாய்மார்கள் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

ரம்புத்தான் மரத்தில் முதல் நாள்

முதலில் வந்தது ஒரு அல்சேஷன். கொண்டுவந்து விட்ட மேடம் போன கையோடு அதை ரம்புத்தான் மரத்தில் பன்னிரண்டு அடிச் சங்கிலியால் கட்டினோம். இவர் வேலைக்குப் போய்விட்டார். நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, சங்கிலி முழுவதையும் மரத்துக்கே உடுத்திவிட்டு, மூக்கு மரப்பட்டையில் இடிக்க நின்று ஊளையிட்டது. அவிழ்த்துவிடக் கிட்டே போகப் பயம். போகாமல் இருந்தால் கழுத்து இறுகிச் செத்துவிடுமோ என்று அதைவிடப் பயம்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் பிஸ்கட்டை நீட்டியபடி, எட்டாத தூரத்தில் மரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். நாயும் பிஸ்கட்டைப் பார்த்தபடி கூடவே சுற்றியது. ஒன்பது சுற்றில் சங்கிலி விடுபட்டது. எனக்குத் தலை சுற்றியது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். யார் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்று மலாயில் கேட்டார்: "சியாப்பா ஈக்காட் சியாப்பா?"

தேக்காவில் சங்கிலிக் கடை

சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு சுழலும் வளையம் வேண்டும் என்றார் இவர். பஸ் மாறி, மகளோடு தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். சிராங்கூன் ரோட்டில் பால்காரர்கள் மாட்டுக் கயிறும் மணியும் வாங்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் வளையத்தை எடுத்து வைத்துவிட்டு, "எத்தனை படி கறக்கும்மா?" என்று கேட்டார்.

கான்வென்ட் பழக்கம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வர மனசு வராது. "அது எங்களுது இல்லீங்க. நேவி ஆபீசரோடது" என்றேன். அவர் வளையத்தைக் காகிதத்தில் சுற்றியபடி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "அப்ப கறக்காது."

பெல்ட்டில் மாட்டிய கொக்கி

மரத்தில் கட்டுவது சரிப்படாது என்று ஆனபின், இவர் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் தலைக்கு மேலே ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார். கம்பியில் ஒரு வளையம் ஓடும், அதிலிருந்து சங்கிலி தொங்கும். நாய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடலாம், எந்த மரத்தையும் சுற்ற முடியாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறதாம்: பாரம் போட்டு இழுத்துப் பார்க்காத கயிற்றை ரிக்கர் நம்பமாட்டான்.

பாரத்துக்கு எங்கே போவது? இவர் கொக்கியைத் தன் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடினார். கோடியில் சங்கிலி வெடுக்கென்று இழுக்க, தரையில் உட்கார்ந்தார். எழுந்து திரும்பவும் ஓடினார். மூன்றாவது ஓட்டத்தில் வாசலில் கார் வந்து நின்றது. ஒரு வெள்ளைக்கார அம்மாள் குட்டி டெரியரை அணைத்தபடி இறங்கினாள். சங்கிலியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி மரியாதையாக இங்கிலீஷில் கேட்டாள்: "இவருக்கு ஏன் தண்ணீர்க் கிண்ணம் வைக்கவில்லை?"

தோசை மாவுக் கோடு

போசன் என்று ஒரு பெரிய லாப்ரடார் ஒரு வாரத்துக்கு வந்தது. இவர் கம்பியின் நீளத்துக்கும் சங்கிலி எட்டும் தூரத்தை அளந்து, குச்சி நட்டுக் காட்டினார். அதற்கு வெளியே இன்னும் இரண்டு அடி தள்ளி நான் ஒரு கோடு போட்டேன். சுண்ணாம்பு பிள்ளையின் கையைச் சுட்டுவிடும் என்று, வாசலில் மாக்கோலம் போடுகிற பழக்கத்தில், புளித்துப்போன தோசை மாவைக் கரைத்துப் போட்டேன். கோட்டை ஒட்டி, வெளிப்பக்கம் மாலதிக்குப் பாய். அவள் பாயில் உட்கார்ந்து சிரட்டை உருட்டுவாள், நான் பக்கத்திலேயே அரிசி புடைப்பேன்.

மறுநாள் காலையில் பாயை விரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு கோடியிலும் கோடு அப்படியே இருந்தது. நடுவில் மட்டும், ஆள் படுக்கும் நீளத்துக்குக் கோடே இல்லை. நாய் நக்கித் தின்றிருக்கிறது. அங்கே எட்டவே எட்டாது என்று நினைத்துத்தான் பாயைப் போட்டிருந்தேன்!

இவர் வந்து கம்பியின் நடுவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வில் மாதிரி வளைந்து வந்தது. ஓடி ஓடிக் கோடியில் மட்டும் இழுத்துப் பார்த்தவர், நடுவிலிருந்து பக்கவாட்டில் இழுத்தே பார்க்கவில்லை. கம்பியை முறுக்கி இறுக்கினார். பாயை வீட்டுச் சுவரோரமாக மாற்றினார். நான் போசனுக்கு ஒரு முழுத் தோசை வார்த்துப் போட்டேன். அன்றைக்குத்தான் முதல்தடவை அதன் தலையைத் தொட்டேன். இவர் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "போர்க்கப்பலையே கட்டுறவன் நான். என் பிள்ளைக்கு அளவு சொல்ல இது வர வேண்டியிருக்கு, பாரு லா."

கழுத்துப் பட்டை

கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தா. கோலாலம்பூரில் கல்யாணம் என்று குடும்பத்தோடு புறப்பட்டபோது டைகரை விட்டுப் போனார். பெயர்தான் டைகர், உடம்பு பூனை, தலை அதைவிடச் சின்னது. இரண்டாம் நாள் அது பின்பக்கமாக நடந்து, சட்டையைக் கழற்றுவதுபோலக் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடியது. நாய்க்கு அரசாங்கம் தரும் உரிம வில்லை அந்தப் பட்டையில்தான் தொங்குகிறது. வில்லை இல்லாமல் திரியும் நாயை நாய் பிடிக்கிற வண்டி வந்து பிடித்துக்கொண்டு போய்விடும்.

மாலதியை மலாய்க்கார அக்காவிடம் வேலி வழியே கொடுத்துவிட்டு ஓடினேன். பஸ் நிற்கும் இடத்தில், பெஞ்சுக்கு அடியில் அது நடுங்கிக்கொண்டு கிடந்தது. என்னைப் போலவே. இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு வந்தேன். ஐயா திரும்பியதும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் நாய்க்குப் பயந்தவள், வேறு நல்ல இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் எங்கள் வாசல் கேட்டைப் பார்த்துச் சிரித்தார்: "பயந்த ஆக்கள்தான் பிள்ளை, படலையை ரெண்டுதரம் பூட்டிப் பாப்பினம். அதுக்குத்தானே உம்மட்டை விட்டனான்."

சாங்கியில் மூன்று நாள்

போசனின் மேடம் சாங்கி கடற்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கப் போனபோது, நாயைப் பார்த்துக்கொள்ள என்னையும் மகளையும் கூட்டிப் போனாள். இவர் முதல்நாள் வந்து இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில் கம்பி கட்டி, இந்தத் தடவை நடுவிலும் தொங்கிப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். நாயைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அதுதான் தப்பு. அதன் கிண்ணத்தைக் கழுவக் குனிந்து நிமிர்வதற்குள் மாலதி தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரை. திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அடுத்த அலை வருவதற்குள் தூக்கிவிட்டேன். அழுதவள் நான்தான்.

அழுது முடித்ததும் வேலையைப் பார்த்தேன். பழைய சேலையைக் கிழித்து அவள் மார்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். கம்பியிலிருந்து சங்கிலியை எடுத்துவிட்டு மெத்தென்ற கயிற்றை மாட்டினேன். கம்பியின் நடுவைக் கடல் பக்கமாக இழுத்துப் பிடித்து, தண்ணீருக்குப் பத்து அடி முன்னாலேயே கயிறு முடிகிறதா என்று இரண்டு தடவை பார்த்தபின் மகளை அதில் கட்டினேன். போசனின் சங்கிலியை என் இடுப்பில் சுற்றிக்கொண்டேன். மாலதி கம்பியின் கீழே இங்கும் அங்கும் ஓடினாள்; நாயும் நானும் உட்கார்ந்து பார்த்தோம்.

மேடம் கூடாரத்திலிருந்து வந்தாள். கம்பியில் பிள்ளை, என் இடுப்பில் அவளுடைய நாய். இதோடு என் வேலை போயிற்று என்று நினைத்தேன். "நாய்க்கு நீச்சல் தெரியும், மேடம். இவளுக்குத் தெரியாது" என்றேன். அவள் கூடாரத்துக்குள் போனாள். தன் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அவன் ஏற்கெனவே கடலைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். மேடம் கேட்டாள்: "இன்னொரு கயிறு இருக்கிறதா?"

தைரியம் கொடு என்று சாமியிடம் கேட்டவளுக்கு நல்ல கயிறும் அதைக் கட்டத் தெரிந்த புருஷனும்தான் கிடைத்தார்கள். குறை சொல்ல மாட்டேன்.