துணி சுற்றிய தறிக்கட்டை

இந்த ஊரில் மார்பகத்துக்குத் தபால் வருகிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களைப் பரிசோதனைக்கு வரச்சொல்லி, நாளும் நேரமும் குறித்துக் கடிதம் போடுகிறார்கள். பக்கத்து வீட்டு மார்கரெட் அதை பிரிட்ஜ் கதவில், பேரனின் நீச்சல் வகுப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, வியாழக்கிழமை மேமோகிராம் என்று தன் கணவர் காதுபடச் சொன்னாள். இங்கிலாந்தில் இந்த லீட்ஸுக்கு வந்து இத்தனை வருடமாகியும் தலைகுனிந்தது நான்தான். எங்கள் ஆரணியில் அந்தச் சொல்லை டாக்டரிடம்கூடச் சொல்ல மாட்டோம். 'நெஞ்சாண்ட' என்போம், மீதியை அவர் புரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் என் பிழைப்பே அந்தச் சொல்லில்தான். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கிற வேலை. கொரோனா வந்தபோது, தொற்றுக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி உலகம் என்ன எழுதுகிறது, ஆய்வு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் வந்தவை யாருடைய அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்று கேட்டன. பிறகு போனிலேயே நோயாளியைப் பார்ப்பது பற்றி, நின்றுபோன பரிசோதனைகளைப் பற்றி எழுதினார்கள். போகப்போக எல்லாமே நாள் கடந்து வந்த பெண்களைப் பற்றித்தான். 'தாமதம்' என்று ஒரு கட்டம் போட்டு நாளெல்லாம் கட்டுரைகளை அதில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்படியொரு நாளில்தான் வசந்தா அக்கா வீடியோவில் வந்தாள். எங்கள் அம்மா வீட்டிலேயே தங்கி நெய்கிறவள். அங்கே ஊரடங்கு, பஸ் ஓடவில்லை. தறியில் ஏற்றிய பாவு நூல் மிச்சமிருந்ததால் நெய்துகொண்டிருந்தாள். அவள் கணவர், மாமா வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"நெஞ்சாண்ட காய்ப்பு காச்ச மாரி கெட்டியா ஒண்ணு கீதுடி. வலியில்ல. கட்டை இடிச்சிகினே இருக்குதுல்ல, அதான் போல."

கட்டை என்பது நெய்த சேலையைச் சுருட்டும் மரம். தறியில் உட்காருகிறவளுக்கு முன்னால் குறுக்கே கிடக்கும். அறுந்த இழையை முடிய எட்டிக் குனியும்போதெல்லாம் மார்பில் இடிக்கும். அம்மாவுக்கு இடித்தது, கல்யாணம் ஆகும்வரை நெய்த எனக்கும் இடித்தது. தடித்துப்போகும், எண்ணெய் தடவுவோம், சரியாகிவிடும். அதனால், கணினியில் 'தாமதம்' கட்டம் திறந்தபடி இருக்க, நான் சொன்னேன்:

"பழைய துணி எதையாச்சும் மடிச்சி கட்டை மேல சுத்திக்கோக்கா. செரியாயிடும்."

படித்த தங்கை சொல்லிவிட்டாள், அக்காவுக்கு நிம்மதி. நானும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மாதங்கள் கழித்து, பஸ் விட்ட பிறகு அவள் வேலூருக்குப் போனபோது கட்டி அக்குளுக்கும் பரவியிருந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டர் அதட்டினாராம். என் தங்கச்சி அப்போதே காட்டச் சொன்னாள், நான்தான் அலட்சியமாக இருந்துவிட்டேன் என்றாளாம் அக்கா. இதை போனில் சொன்ன மாமா, "நீ சொன்னப்பவே கேட்டிருந்தா இவ்ளோ பேஜார் இல்லம்மா" என்றார். நான் மறுக்கவில்லை. இன்றுவரை மறுக்கவில்லை.

மார்கரெட்டிடம் சொன்னபோது, அக்காவின் குடும்ப டாக்டர் போன் செய்து விசாரிக்கவில்லையா என்று கேட்டாள். இங்கே ஆளுக்கொருவர் உண்டு. எந்த டாக்டர் என்றேன். பெயரை மறந்துவிட்டேன் என்று நினைத்தாள் போல. பரவாயில்லை என்று கையைத் தட்டிக்கொடுத்தாள்.

சிகிச்சையில் முடி கொட்டியதை, திருப்பதி மொட்டை என்று சொல்லி அக்கா தெருவைச் சமாளித்தாள். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? இப்போது எலும்புக்கும் போய்விட்டது. டிக்கெட் போடட்டுமா என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். திடீரென்று நீ வந்து நின்றால் ஊர் மோப்பம் பிடித்துவிடும், கல்யாணம் முடியட்டும் என்கிறாள். அதுவரை அவள் இருக்க வேண்டுமே என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

போன மாதம் எனக்கும் தபால் வந்தது. நெஞ்சை முன்னால் கொடுக்கச் சொன்னாள் அந்த நர்ஸ். தட்டு வந்து அழுத்தியது. மற்றவர்களைப்போல் நான் விலகவில்லையாம், முன்பே பழக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எதில் பழக்கம் என்று சொல்லவில்லை.

முடிவும் தபாலில்தான் வந்தது. குறை ஒன்றுமில்லை, மூன்று வருடம் கழித்து வரவும். மறைக்க நினைத்தேன். வீடியோவில் அக்கா விடாமல் கேட்டு என் வாயிலிருந்து வாங்கினாள்.

"உனுக்கு ஒண்ணும் இல்ல இல்ல? அது போதும்டி எனுக்கு" என்று படுத்தபடியே சிரித்தாள்.

போன் சாய்ந்ததில் அவளுக்குப் பின்னால் தறி தெரிந்தது. அதில் உட்கார அவளுக்கு இப்போது தெம்பில்லை. கட்டை மேல் சுற்றிய துணி மட்டும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"நீ சொன்னியே, அந்தத் துணிதான். மெத்துனு இருந்துது."

கையிலிருந்த கடிதத்தில் என் பெயர் இருந்தது. கட்டையில் சுற்றியிருந்தது, கல்யாணமாகி வரும்போது அந்த வீட்டில் நான் விட்டுவந்த பச்சைத் தாவணி.