கோட்டுக்கு வெளியே செந்தூரன்

புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்கிற செந்தூரனை எங்கள் ஊர் ‘கப்பைத் துலைச்சவன்’ என்றுதான் சொல்லும். அவனுடைய இடது கண் போனதைப் பற்றி அதே ஊர் வாய் திறக்காது. நானும் அந்த ஊர்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மென்பந்துக் கிரிக்கெட்டில் அவனுக்கு நிகர் இல்லை. ரெனிஸ் பந்து குத்தி எழும்பி ஆறுதலாக வரும். முகத்துக்கு நேரே வந்தாலும் சிரித்துக்கொண்டே மட்டையைச் சுழற்றுவான். போன வருடம் எங்கள் கழகம் முதன்முதலாகக் கடினப்பந்துக்குப் போனது. அது தோல் பந்து. கல்லு மாதிரி இருக்கும், விரிப்புப் போட்ட களத்தில் சறுக்கிக்கொண்டு வரும். காலுக்குப் பாட், கைக்குக் கிளவ்ஸ் எல்லாம் சேர்த்துவிட்டார்கள். தலைக்கவசம் மட்டும் ஒன்றுதான். பந்தை எதிர்கொள்பவன் போடுவது, ஓடி முனை மாறினால் நடுவில் நின்று கழற்றிக் கொடுப்பது என்று ஏற்பாடு.

இறுதியாட்டத்தில் இந்தக் கைமாற்றலைப் பார்த்து எதிரணி விழுந்து விழுந்து சிரித்தது. அணித்தலைவன் சுரேசுக்கு மானம் போய்விட்டதாம். “இனி மாத்தேலாது. உன்ரை தலை கெட்டித் தலைதானே” என்று கவசத்தைத் தானே வைத்துக்கொண்டான். செந்தூரனுக்கு வந்த அடுத்த பந்து குட்டையாகக் குத்தியது. அது மெதுவாக எழும்பும் என்ற பழைய பழக்கத்தில் அவன் காத்திருந்து சுழற்றினான். மட்டை வருமுன் பந்து கண்ணில் இறங்கியது.

துவாயால் கட்டி வேம்பின் கீழ் இருத்தினார்கள். ஆட்டம் நடந்தது. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது வெற்றிக்கு இரண்டு ஓட்டம் தேவை. காயப்பட்டுப் போனவன் திரும்பி வந்து ஆடலாம் என்பது விதி. சுரேசுக்கு அந்த விதி நன்றாக நினைவிருந்தது.

“கண் தெரியேல்லை அண்ணை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.”

“கால் இருக்குத்தானே? மற்றப் பக்கம் சும்மா நில். நான் அடிக்கிறன்.”

போனான். பந்துவீச்சாளன் ஓடி வர, ஒற்றைக் கண்ணால் கோட்டை மட்டுக்கட்டி, மட்டையைப் பின்னால் ஊன்றி நின்றான். மட்டை கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே. பந்து கையை விடும்வரை மட்டை கோட்டுக்குள் இருக்க வேண்டும்; ஓடி வந்தவன் பந்தை வீசாமல் செந்தூரன் பக்க விக்கெட்டைத் தட்டினான். எங்கள் மென்பந்தில் என்றால் முதலில் எச்சரிப்பார்கள். இங்கே அது தேவையில்லை. அவுட். கப்பும் போனது.

“கொஞ்சம் முந்திக் கொண்டந்திருக்கலாமே” என்றார் டொக்டர். ஊர் கேட்டது வேறு: கோட்டுக்குள் நிற்கத் தெரியாதா?

செந்தூரனையும் அந்தக் கேள்விதான் தின்றது. முற்றத்தில் கோடு கீறி, மட்டையை ஊன்றி, மனைவி உதயகலாவைக் கூப்பிட்டான்.

“உள்ளையோ, வெளியிலையோ?”

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை; மட்டை ஒரு சாண் வெளியேதான். பாவம், அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

“ஓமப்பா, உள்ளைதான்.”

மறுநாளே மைதானத்துக்குப் போனான். பயிற்சியில் நின்ற சுரேசுக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் மட்டையை ஊன்றிக் காட்டினான்.

“அம்பயர்தான் பிழை விட்டவர். நான் எப்பவும் உள்ளைதான். பாருங்கோ.”

பார்த்தார்கள். சுரேஸ் கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். செந்தூரன் குனிந்து விரலால் கோட்டைத் தேடினான். அது மட்டைக்குப் பின்னால் இருந்தது.

வீட்டுக்கு வந்தவன் முற்றத்துக் கோட்டைக் காலால் அழித்தான். இப்போது உதயகலா கஞ்சி வார்த்து, “சுடுது, பாத்துக் குடியுங்கோ” என்றாலும், முதலில் விரலை விட்டுப் பார்க்கிறான்.